மூன்றாவது எழுத்தின் வால்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எழுத்து வெட்டிப் பெயின்ட் நிரப்பிய எவர்சில்வர் தகடு எங்கே கண்ணில் பட்டாலும் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டிப் பார்ப்பேன். லிஃப்டின் மாடி எண்கள், டாக்டர் அறைக் கதவு, கல்யாண மண்டபத்தில் 'ஆண்கள்' என்று எழுதி வைத்திருக்கும் தகடு, எதையும் விட்டதில்லை. பெயின்ட் உதிர்ந்தால் அன்றைக்கு எனக்கு நல்ல பசி எடுக்கும். உதிராவிட்டால் யார் செய்தது என்று விசாரிப்பேன். விசாரித்தால் பெரும்பாலும் கோட்டைமேட்டுப் பாயிடம் போய் நிற்கும். அப்புறம் எங்கே பசிக்க.

அவரும் நானும் ஒரே தொழில். ஆவாரம்பாளையத்தில் எனக்கொரு சின்னப் பட்டறை. மோட்டார் பம்ப் கம்பெனிகளுக்குப் பேனல் தகடு, ஸ்விட்சுக்கு மேலே ஒட்டுகிற பெயர், வீட்டு வாசலுக்குப் பலகை எல்லாம் செய்கிறேன். எழுத்தை வெட்டுவது இப்போது கம்ப்யூட்டர் மெஷின். அவரிடம் இருப்பதும் அதே மெஷின், அதே கட்டர். வெட்டிய பள்ளத்தில் சிரிஞ்சால் பெயின்டை விட்டு, காயவிட்டு, மேலே வழிந்ததைத் துடைத்தெடுப்பதுதான் கைவேலை. அந்தக் கைவேலையில் பாயின் தகடு பத்து மழை தாங்கும். என்னுடையது எத்தனை மழை தாங்கும் என்று எனக்குத் தெரியாது. ஏனென்றால் எங்கள் ஊரில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். "பரவாயில்லைங்க, நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்பார்கள். அடுத்த தடவை வர மாட்டார்கள். இதில் பாய் என்னைவிட மூன்று வயது இளையவர் வேறு. அதையும் நான் அவர் செய்த குற்றமாகவே கணக்கில் வைத்திருந்தேன்.

இந்த நிலைமையில்தான் என் சகலை வடவள்ளியில் வீடு கட்டினார். சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். துடியலூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடை திறந்தபோது முகப்புத் தகட்டை நான்தான் செய்து கொடுத்தேன். அது இப்போது முகப்பில் இல்லை. "செவுத்துக்குப் பெயின்ட் அடிக்கக் கழட்டினதுங்க சகலை, மாட்டோணும்" என்று நாலைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சுவருக்குப் பெயின்ட் அடிக்க எத்தனை வருடம் ஆகும் என்று நானும் கேட்டதில்லை.

கிரகப்பிரவேசப் பத்திரிகை வந்தது. கெட்டி அட்டை, தங்க ஓரம். வாசல் பலகைக்கு எந்த நேரமும் சொல்லி அனுப்புவார்கள் என்று நல்ல தகடாக ஒன்றை எடுத்துத் தனியே வைத்திருந்தேன். அதன்மேல் வேறு கம்பெனி வேலையை வைக்கக்கூட விடவில்லை. விசேஷத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போதுகூட, அவசர வேலையாகக் கேட்பார்கள், நானும் கொஞ்சம் அலுத்துக்கொண்டு ஒத்துக்கொள்ளலாம் என்று அலுப்பை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

விசேஷத்தன்று கேட்டின் தூணில் பலகை மாட்டியிருந்தது.

"நல்லா இருக்குதில்லீங்க" என்றாள் என் மனைவி.

நல்லாயில்லை என்று சொல்ல ஒரு இடம்கூட இல்லை. தகடு தலைமுடி இழை மாதிரிக் கோடு விழ ஒரே பக்கமாகத் தேய்க்கப்பட்டிருந்தது. எழுத்துக்குள் நீலம். கருநீலமும் இல்லை, மயில்கழுத்தும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் நின்று இரண்டையும் கேலி செய்கிற நீலம். விரலை மேலே ஓட்டினேன். எங்கே ஸ்டீல் முடிந்து எங்கே பெயின்ட் ஆரம்பிக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. என் தகட்டில் கண்ணை மூடிக்கொண்டே எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம்.

சகலை ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "கோட்டைமேட்டுல ஒரு பாய்கிட்டச் சொல்லிச் செஞ்சதுங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்னுதானுங்க சகலை."

"அதனாலென்னுங்க" என்றேன். இதைவிடப் பெரிய சண்டையை எங்கள் பக்கத்தில் போட முடியாது.

எல்லோரும் பந்திக்குப் போனதும் நான் மட்டும் கேட்டுக்குத் திரும்பி வந்தேன். நகம் வைத்துப் பார்த்தேன். முதல் எழுத்து, இரண்டாவது எழுத்து, கடைசி எழுத்து. நகம்தான் உடைந்தது. நல்ல மனிதன் அத்தோடு போயிருப்பான். நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். சும்மா தொட்டுப் பார்க்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது எழுத்தின் வால் நுனியில் சாவி முனையைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினேன். நீலத்தில் ஒரு துணுக்கு, கொத்தமல்லி விதையைப் பாதியாக உடைத்தது மாதிரி, தெறித்து என் உள்ளங்கையில் விழுந்தது.

ஒரு நொடி, ஒரே நொடி, சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் பலகையைப் பார்த்தேன். வாலின் முனையில் வெள்ளிப் பல் மாதிரி ஸ்டீல் இளித்துக்கொண்டிருந்தது. தடயத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பந்தியில் போய் உட்கார்ந்தேன். பதற்றத்தில் நாலு போண்டா சாப்பிட்டேன்.

சாயங்காலம் கொழுந்தியாள் போன் செய்தாள். என் மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, போர்டை யாரோ நோண்டிப்போட்டாங்கக்கா. புத்தம்புது போர்டு. மனசே ஆறல."

"யாரு நோண்டுவாங்க கண்ணு? கொழந்தைக எதாச்சும்..."

"கொழந்தை கைக்கு எட்டாதுங்கக்கா. நம்ம ஊடு பொறுக்காத எவனோதான். வர்ற அமாவாசைக்கு ஆனமலை போயி மொளகா அரைச்சுப் பூசிப்போட்டுத்தான் மறுவேலை."

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் இது வழக்கம். பொருள் தொலைத்தவர்கள், ஏமாந்தவர்கள், அநியாயம் நடந்தவர்கள் அங்கே போய் வரமிளகாயைத் தங்கள் கையால் அரைத்துக் கல்லில் பூசி வேண்டிக்கொள்வார்கள். செய்தவன் எங்கே இருந்தாலும் உடம்பு எரியும் என்பார்கள். எனக்கு அமாவாசைக்குப் பன்னிரண்டு நாள் முன்னாலேயே எரிய ஆரம்பித்துவிட்டது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"என்னுங்க, எரியுதுங்களா?" என்றாள் மனைவி.

"போண்டா" என்றேன்.

"போண்டாவாட்டத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு வாரம் யோசித்தேன். கனவில் எல்லாம் வரமிளகாய்க் காடு. பகலில், சாம்பாரில் மிளகாய் மிதந்தால் தட்டைத் திருப்பி வைத்துக்கொண்டேன். அமாவாசைக்குள் வாலைச் சரி செய்துவிட்டால், அநியாயமே நடக்காத மாதிரிதானே என்று சட்டம் பேசினேன். ஆனால் அந்த நீலம் எங்கே கிடைக்கும்? பட்டறையில் இருக்கிற நீலங்களையெல்லாம் கலக்கிப் பார்த்தேன். ஆம்புலன்ஸ் நீலம் வந்தது, ரேஷன் மண்ணெண்ணெய் நீலம் வந்தது, அது வரவில்லை. அந்த நீலம் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது.

கஸ்டமர் ஒருத்தர் நீலம் கேட்கிறார் என்று ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு கோட்டைமேட்டுக்குப் போனேன். பாய் தறியில் நூல் பார்க்கிறவர் மாதிரி ஒரு தகட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"வாங்ணா. இத்தனை வருசமா ஒரே தொழில்ல இருக்கறம். இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதுங்களா?"

டீ வந்தது. பொய்யைச் சொன்னேன். பாய் கவனமாகக் கேட்டார்.

"எவ்வளவு வேணுமுங்ணா?"

"ஒரு சொட்டு போதுங்க பாய்."

கஸ்டமருக்கு ஒரு சொட்டு பெயின்டில் வேலை செய்து கொடுக்கிறவன் எவன் என்று சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. பாய் டீயை ஒரு வாய் குடித்தார்.

"எந்த எழுத்துங்ணா?"

"மூணாவது."

"வாலுங்ளா?"

நான் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டேன்.

"அங்கதானுங்க கட்டர் மேல ஏறி வெளிய வருது. பள்ளம் கம்மி. ரெண்டு வாட்டி போட்டும் எனக்கே மனசு ஒப்பல. உங்க சகலை ஊடுன்னு தெரிஞ்சதும் கையே ஓடலீங்ணா. நீங்க வந்து சொரண்டாம போகமாட்டீங்கன்னு தெரியுமே."

"நானு சொரண்டுவேன்னு யாரு சொன்னாங்க?"

"ஆஸ்பத்திரி லிஃப்டுல மூணாம் நெம்பரைச் சொரண்டுனீங்களே. அந்த லிஃப்டுல கேமரா இருக்குதுங்ணா. பாத்துப்போட்டு எனக்குத்தான் போன் பண்ணுனாங்க. தெரிஞ்சவருதான், உடுங்கன்னு சொன்னேன்."

மேசை இழுப்பறையைத் திறந்து ஹோமியோபதி மாத்திரைக் குப்பி ஒன்றை எடுத்தார். உள்ளே அந்த நீலம். மேலே ஒட்டியிருந்த துண்டுக் காகிதத்தில் என் பட்டறையின் பெயர். எனக்காகவே எடுத்து வைத்திருக்கிறார்.

அப்புறம் செய்முறையும் சொன்னார். கேட்காமலேயே சொன்னார். "பள்ளத்தைத் தின்னர் உட்டுக் கழுவுங்க, பாலீஷ் மெழுகு போகோணும். பெயின்டைப் போட்டுட்டு ஒரு நாள் தொடாதீங்க. மறுநாள் தொடைக்கறப்ப பனியன் வேஸ்ட் மட்டும் வேண்டாமுங்ணா."

இதை விளக்க வேண்டும். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளின் வெட்டுத் துணியை மூட்டை மூட்டையாக வாங்கித்தான் எங்கள் சீமையில் எல்லாப் பட்டறையும் நடக்கிறது. மெஷினைத் துடைப்பது அதில், கையைத் துடைப்பது அதில், வியர்த்தால் முகத்தைத் துடைப்பதும் அதில். தகட்டில் வழிந்த பெயின்டையும் நான் இருபது வருடமாக அதில்தான் துடைத்தேன். வேறு எதில் துடைப்பது என்ற கேள்வியே எனக்கு வந்ததில்லை.

"பனியன் துணி மெத்துன்னு இருக்குதுங்ளா, பள்ளத்துக்குள்ள எறங்கி பெயின்டையும் அள்ளிக்கிட்டு வந்துரும். வெளிய பாக்க நெறஞ்ச மாதிரித் தெரியும், உள்ள பாதிதான் இருக்கும். கல்யாணப் பத்திரிகை மாதிரி கெட்டி அட்டையா எடுத்து, ஓரத்தைத் தின்னர்ல நனைச்சு, மேலாப்புல ஒரே இழுப்பு. அட்டை பள்ளத்துக்குள்ள எறங்காது. அவ்வளவுதானுங்ணா."

அவ்வளவுதான். நான் இத்தனை காலம் ஜெர்மனியிலிருந்து ஏதோ பெயின்ட் வரவழைக்கிறார் என்று நினைத்திருந்தேன். சொல்லாமல் மறைத்திருந்தால் நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருப்பேன். மனுஷன் சொல்லியும் தொலைத்துவிட்டார். குப்பியை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது பாயின் தொழில்மேல் இருந்த பொறாமை அப்படியே இருந்தது, கூடவே பாயின் குணத்தின் மேலும் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது.

அமாவாசைக்கு மூன்று நாள் இருந்தது. சகலை கடைக்குப் போயிருப்பார், கொழுந்தியாள் பள்ளிக்கூட டீச்சர், வீட்டில் ஆள் இருக்காது என்று பதினொன்றரை மணிக்கு வடவள்ளி போனேன். பள்ளத்தைக் கழுவினேன். சிரிஞ்சில் நீலத்தை எடுத்து வாலில் ஒரு சொட்டு விட்டேன். அழகாக நின்றது. ஆனால் மேலே ஒரு கொப்புளம் மாதிரி உப்பியிருந்தது. நாளை வரை இப்படியே இருந்தால் கொழுந்தியாள் பார்த்துவிடுவாளே என்று பயம் பிடித்துக்கொண்டது. பயத்தில் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. கையில் வந்தது பனியன் வேஸ்ட். ஒரே இழுப்பு. வால் முழுக்க மறுபடியும் காலி.

பாய் சொன்னது சரியா என்று சோதித்துப் பார்த்ததாக வைத்துக்கொள்ளலாம். மறுபடியும் கழுவி, மறுபடியும் சொட்டு விட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் ஸ்கூட்டி நின்றது.

"ஏனுங் மாமா, இங்க என்ன பண்றீங்க?"

பள்ளிக்கூடம் அன்றைக்கு அரை நாள். என் ஒரு கையில் சிரிஞ்ச், மறுகையில் ஐந்து விரலும் நீலம். கொழுந்தியாள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் ஒப்புக்கொள்ள வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது.

"நீங்களே வந்து சரி பண்றீங்ளா மாமா. யாருகிட்டயும் சொல்லாம. போர்டை உங்ககிட்டக் குடுக்கலைன்னு கோவமா இருப்பீங்கன்னு நானும் உங்க சகலையும் எத்தனை நாளாத் தவிச்சுக்கிட்டு இருக்கறம்."

திறந்த வாயை மூடினேன். மூடிய வாய்க்கு அரிசிம்பருப்புச் சாதம் போட்டு, மேலே நெய் ஊற்றினாள். வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். கை கழுவும்போது சொன்னாள்: "ஆனாலும் செஞ்சவனை உடறதா இல்லீங் மாமா. நீங்களும் அக்காளும் ஆனமலைக்கு வந்துருங்க. கார்ல எடம் இருக்குது."

மறுநாள் போய், ஸ்கூட்டர் பெட்டியில் கிடந்த அவர்கள் வீட்டு விசேஷப் பத்திரிகையையே மடித்து, ஓரத்தை நனைத்து, மேலாக இழுத்தேன். கொப்புளம் போய்விட்டது. வால் வாலாகவே நின்றது. விரலை ஓட்டிப் பார்த்தேன், விரலுக்குத் தெரியவில்லை. இருபது வருடத்தில் என் கையால் அப்படி ஒரு வேலை வந்தது அதுதான் முதல் தடவை. அளவு, ஒரு கடுகு.

அமாவாசையன்று நால்வரும் போனோம். பொள்ளாச்சி தாண்டியதும் சகலை ஜன்னலைத் திறந்துவிட்டார். நல்ல காற்று. எனக்கு மட்டும் வேர்த்தது. கோயிலில் நல்ல கூட்டம். அரைக்கிற இடத்தில் எங்கள் முறை வந்ததும் கொழுந்தியாள் மிளகாயைக் கல்லில் போட்டாள். நாலு சுற்று சுற்றிவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பரீட்சைப் பேப்பர் திருத்தித் திருத்திக் கை வீங்கியிருக்கிறதாம்.

"மாமா, நீங்க அரைங்க. ஸ்டீலையே கொடையறவரு, இது என்னுங்க."

உட்கார்ந்து குழவியைப் பிடித்தேன். என்னை எரிப்பதற்கான மிளகாயை நானே அரைக்கிறேன். சரியாக அரைக்காமல் திப்பி திப்பியாக விட்டால் எரிச்சல் குறையுமோ என்றுகூட ஒரு யோசனை போனது. "இன்னும் நைசா அரைங் மாமா" என்றாள். நெடி ஏறிக் கண்ணில் தாரை தாரையாக வழிந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் பாவம், என்ன இழந்தாரோ என்று என்னைப் பார்த்தார்கள்.

பத்தாவது சுற்றில் குழவியை விட்டேன்.

"நாந்தான் கண்ணு."

"என்னுங் மாமா?"

"போர்டை நோண்டினது நாந்தான். சாவில. பாய் வேலை அத்தனை நல்லா இருந்துச்சு. பொறுக்கல."

என் மனைவி நிதானமாகக் கைப்பையைத் திறந்து, மடித்த காகிதம் ஒன்றை எடுத்துத் தங்கையிடம் நீட்டினாள். உள்ளே அந்த நீலத் துணுக்கு.

"அன்னைக்கே சட்டைப்பையில கெடைச்சுது. எப்ப வாயைத் திறக்கறாருன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"அக்கா, தெரிஞ்சுமா அரைக்க உட்டே?"

"நல்லா அரைக்கட்டும்னுதான்."

கொழுந்தியாளுக்குச் சிரிப்பா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. "ஊடு பொறுக்காதவன் எவனோன்னு நெனச்சேன். ஊட்டுக்குள்ளயே இருந்திருக்குது" என்றாள்.

வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற அம்மா எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, சமாதானம் ஆயிப்போச்சுங்களா? அப்ப அரைச்சதை எனக்குக் குடுத்துருங்க சாமி. நின்னு நின்னு காலு கடுக்குது."

கொடுத்துவிட்டோம். என்னை நினைத்து அரைத்த மிளகாய் யாருக்கோ போய்ச் சேர்ந்தது. அந்த ஆளுக்கு என் வருத்தங்கள்.

திரும்பும்போதும் சகலைதான் கார் ஓட்டினார். கிணத்துக்கடவு வந்ததும் தொண்டையைச் செருமினார்.

"நானும் ஒண்ணு சொல்லிப்போடறனுங்க சகலை. கடை போர்டு. செவுத்துக்குப் பெயின்ட் அடிக்கக் கழட்டலீங்க."

"எத்தனை மழைங்க தாங்குச்சு?"

"ரெண்டுங்க." கொஞ்சம் யோசித்து, "ரெண்டாவது லேசான மழைதானுங்க" என்றார்.

ஆனைமலையில் எரியாதது அங்கே எரிந்தது. பின் சீட்டிலிருந்து, "கொண்டாந்து குடுங்க, போட்டுத் தாரேன்" என்றேன்.

தகடு கடையின் பரணில் இருந்து வந்தது. எழுத்துகளுக்குள் ஒன்றுமில்லை, பல் போன வாய் மாதிரி. கழுவினேன், நிரப்பினேன், ஒரு நாள் முழுக்கப் பட்டறைப் பக்கமே போகாமல் இருந்தேன், அப்புறம் பத்திரிகை அட்டையால் இழுத்தேன். கறுப்பு. பாயின் நீலம் மாதிரி இல்லை. அவர் பலகையை இப்போதும் வடவள்ளியில் பார்த்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது. அதிலும் அந்த வாலைத் தவிர மற்ற எழுத்துகளைப் பார்க்கும்போது.

தகட்டை மாட்டி ஒரு மழைக்காலம் முழுசாகப் போன பிறகு சகலை போன் செய்தார்.

"உங்க பாய் கடைக்கு வந்திருந்தாருங்க. ஸ்க்ரூ வாங்க."

"சரிங்க."

"போறப்ப, முகப்பு போர்டுகிட்ட சித்த நேரம் நின்னாருங்க. நானு கல்லாவுல இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். சுத்தியும் பாத்துப்போட்டு, நகத்துல ஒரு சொரண்டு சொரண்டுனாருங்க."

நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். "உதிர்ந்துச்சுங்களா?"

"இல்லீங்க."

"மூஞ்சி எப்படி இருந்துச்சுங்க?"

சகலை பொய் சொல்லத் தெரியாதவர் அல்ல. ஆனால் ஆனைமலைக்குப் பிறகு எங்களுக்குள் அது குறைந்துவிட்டது.

"ஒரு மாதிரித்தானுங்க இருந்துச்சு" என்றார்.

அன்றைக்கு எனக்கு நல்ல பசி.